முத்திரையும் மின்கம்பமும்

ஹவார்ட் பெக்கர் 1963இல் ‘அவுட்சைடர்ஸ்’ நூலில் வாதிட்டார்: பிறழ்வு செயலில் இல்லை, பிறர் குத்தும் முத்திரையில் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் இதற்குச் சான்று. பிறமலைக் கள்ளர் கைரேகை பதித்து, இரவில் பொலிசாரிடம் முகங்காட்ட வேண்டியிருந்தது, தவறினால் தண்டனை. சட்டமே குற்றத்தை உற்பத்தி செய்தது. எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 3.4.1920 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது.

நான் தொழிற்சாலையில் வேலைசெய்யும் பலெர்மோவும் முத்திரையை அறியும்: லொம்புரோசோ வழிவந்த நிசெஃபோரோ 1898இல் தென்னித்தாலியரை நாகரிகமற்றோரென எழுதினார். அவரே சிசிலியர்.

ஆனால் பெக்கர் நமக்குப் போதாது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இயக்கங்கள் ‘சமூக விரோதி’ என்று அட்டை தொங்கவிட்டு மனிதரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டன. பெக்கரின் மனிதன் முத்திரையோடு வாழ்ந்து பிறழ்கிறான். நம்மவனுக்கு அந்த அவகாசமும் இருக்கவில்லை. ஆகவே நம் விசாரணை அட்டை எழுதிய கையிலிருந்தே தொடங்க வேண்டும்.