மேடை மட்டும் பொய்

2005-ல் பிரான்சின் கோம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ, சிஸ்கோ 7200 என்ற கனத்த ரவுட்டரைச் சாதாரணக் கணினிக்குள் எழுப்பிப் பார்க்க முனைந்தார். அவர் எழுதிய டைனமிப்ஸ் மென்பொருள், அந்த ரவுட்டருக்குள் இருக்கும் மிப்ஸ் செயலிக்கான கட்டளைகளை நம் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக ஓட ஓடவே மாற்றித் தந்தது. அதன்மேல் ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ், ஒரு எழுத்தும் மாறாமல், இரும்புப் பெட்டிக்குள்தான் இருப்பதாக நம்பிக்கொண்டு இயங்கியது.

அந்த நம்பிக்கைதான் இந்தக் கலையின் உயிர். பேக்கெட் ட்ரேசர் போன்ற பயிற்சி மென்பொருள்கள் ரவுட்டரின் நடத்தையைப் பார்த்துப் புதிதாக எழுதப்பட்டவை. எழுதியவர் யோசித்து வைத்த பதில்கள் மட்டுமே அவற்றிடம் உண்டு. டைனமிப்ஸ் போன்ற எமுலேட்டரில் மேடை மட்டும்தான் பொய், ஆடுகிறவர் அசல். எவரும் எதிர்பாராத கட்டளையை அடித்தாலும் அசல் பதில் வரும். அந்தப் பதிப்பில் ஒரு பிழை இருந்தால், அந்தப் பிழையும் அப்படியே வரும்.

டைனமிப்ஸில் நான் மிகவும் ரசிப்பது ஐடில் பிசி என்ற உத்தியை. வேலை இல்லாத ரவுட்டர் சும்மா இருப்பதில்லை. வேலை வந்ததா, வந்ததா என்று நிரலின் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. டைனமிப்ஸுக்கு வெட்டிச் சுற்றும் உண்மை வேலையும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே சிரத்தையோடு மாற்றி ஓட்டும். ஒரே ஒரு ரவுட்டரை எழுப்பினால் போதும், கணினியின் விசிறி இரையத் தொடங்கிவிடும். தீர்வு, வெட்டிச் சுற்று நிரலின் எந்த முகவரியில் நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவது. ரவுட்டர் அந்த முகவரியைத் திரும்பத் திரும்பத் தொடும்போது டைனமிப்ஸ் அதைக் கொஞ்சம் தூங்க வைக்கும். சரியான எண் கிடைத்ததும், 100 சதவீதத்தில் நின்ற செயலிப் பயன்பாடு மளமளவென்று சரிந்துவிடும். இன்னொருவருடைய நிரலை உள்ளே திறந்து பார்க்காமல், அது எங்கே வீணாய் அலைகிறது என்பதை மட்டும் வெளியிலிருந்து கவனித்துக் கண்ட வழி இது. ஒரு ஐஓஎஸ் கோப்புக்கு ஒருவர் கண்டெடுத்த எண், அதே கோப்பை ஓட்டும் எல்லோருக்கும் பயன்படும்.

பிறகு வந்தவை வசதிகள். ஜிஎன்எஸ்3 டைனமிப்ஸுக்குப் படமும் சுட்டியும் தந்தது. லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்கள் வந்தபின் ரவுட்டர் ஒன்றுக்கு ஒரு முழுக் கணினியைப் போலி செய்யும் தேவை குறைந்தது. மினிநெட், கன்டெய்னர்லேப் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எஃப்ஆர்ஆர் என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள் இருப்பதால் உரிமக் கவலையில்லாமல் பழகலாம். ஆனால் வேகத்தைப் பற்றி இப்படிக் கணினிக்குள் கட்டிய லேபிடம் கேட்கக் கூடாது. பெரிய ரவுட்டர்களின் வேகம் அவற்றுக்கென்றே வார்த்த சில்லுகளில் இருக்கிறது. எமுலேட்டரில் அந்தச் சில்லு இல்லை.

நல்ல லேப் என்பது பெரிய லேப் அல்ல என்பது என் கட்சி. ஐம்பது ரவுட்டர்களைத் திரை நிறையப் பரப்பி வைப்பதில் பார்வைக்கு நிறைவு உண்டு, கேள்விதான் இருக்காது. இரண்டு ரவுட்டர், ஒரு கம்பி போதும். ஒரு முனையில் எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1500, மறுமுனையில் 1400 என்று வைத்து ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறையை ஓட்டிப் பாருங்கள். 100 பைட் பிங் தடையின்றிப் போகும். 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ போகும், வரும். இரண்டும் ஒன்றையொன்று அண்டை வீட்டாராக அறிந்தும் கொள்ளும். ஆனால் வழித்தடம் ஒன்றுகூடப் பரிமாறப்படாது. உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே முட்டி நிற்கும். கம்பியில் பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கை வைத்தால், தரவுத்தளத்தை விவரிக்கும் பாக்கெட்டில் ஒருவர் 1500 என்கிறார், மற்றவர் 1400 என்கிறார். பெரிய எண்ணைப் பார்த்ததும் சிறியவர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறார். பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் விதி இங்கே கண்முன் நடக்கிறது.

இன்னும் இரண்டு ரவுட்டர் சேர்த்தால் வரலாற்றையே ஓட்டலாம். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 தன்னுடையது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பை ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ வடிகட்டாமல் உலகுக்குக் கடத்தியது. யூடியூப் அறிவித்திருந்தது 22 அளவுள்ள பெரிய தொகுப்பு. நுணுக்கமான முகவரிக்கே முன்னுரிமை என்பது ரவுட்டர்களின் விதி என்பதால் உலகம் பாகிஸ்தான் பக்கம் திரும்பியது. வெளியுலகோடு ஒட்டாத லேப் என்பதால் பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப், பிசிசிடபிள்யூ வலையமைப்புகளின் 17557, 36561, 3491 என்ற அசல் ஏஎஸ் எண்களையே வைக்கலாம். அறிவிப்பைத் தட்டியதும் பார்வையாளர் ரவுட்டரின் பட்டியலில் வழி மாறுகிறது. யூடியூப் ஏறக்குறைய 80 நிமிடம் கழித்துத் தானும் 24 என்று அறிவித்தது, பிறகு இரண்டு 25-களாகப் பிளந்து அறிவித்தது. லேபில் 25 வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். மெய்யான இணையத்தில் 24-ஐவிட நுணுக்கமான அறிவிப்புகளைப் பலர் வடிகட்டுகிறார்கள். அந்த வடிகட்டியைப் பார்வையாளரிடம் வைத்தால் இரண்டு 24-களுக்கு நடுவே போட்டி, பாதை குறுகியவர் பக்கம் போகிறது.

இப்போது ஆர்பிகேஐ சான்றைச் சேர்த்து, இந்த 24-ஐ அறிவிக்க யூடியூபுக்கு மட்டுமே உரிமை என்று எழுதினால் பார்வையாளர் பாகிஸ்தானின் அறிவிப்பைச் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. அதே பாகிஸ்தான் ரவுட்டரில், பாதையின் கடைசியில் 36561 என்ற யூடியூபின் எண்ணைப் பொய்யாக ஒட்டி மீண்டும் அறிவித்துப் பாருங்கள். சான்று தோற்றுவாயை மட்டுமே சரிபார்க்கிறது. பார்வையாளரின் பட்டியலில் அந்தப் பொய் வழி ‘செல்லும்’ என்ற குறியோடு ஏறி உட்காருகிறது.