உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பை விளைவித்தவரை நினைத்தோர் எத்தனை பேர்? இராஜம் கிருஷ்ணன் நினைத்தார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடம் சென்று, கண்டு, கேட்டு, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினத்தைத் தந்தார்.

காலைத் தின்னும் உப்புநீர், கண்ணைக் கெடுக்கும் வெண்மை, கங்காணியின் பிடி ஆகியவற்றை மறைக்காமல் காட்டியதே இந்நூலின் பெருமை. ஆயினும், படித்தோர் பலர் “ஐயோ, விதி!” என்று கண்ணீர் வடிக்கின்றனர். விதியா? இல்லை தோழர்களே, சமுதாயத்தின் சதி!

வெயில் சாதி பார்ப்பதில்லை. வெயிலில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் சமுதாயம் சாதி பார்க்கிறது. நிலமற்றோர், ஒடுக்கப்பட்டோர், அவருள்ளும் பெண்கள். வாருபலகை இவர்கள் கையில்! அளத்து முதலாளிக்கு அலுவலகத்தில் உறவினர் உண்டு, மருத்துவரிடம் அறிமுகம் உண்டு. உப்பளப் பெண்ணுக்குத் தெரிந்தவர் கங்காணி ஒருவரே, முன்பணமும் அவரிடமே. மருத்துவமனைக்கு ஒருநாள் சென்றால் ஒருநாள் கூலி போயிற்று. நோய் முற்றுவது உடலின் குற்றமா?

2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. புதினம் புகன்றதை வெப்பமானியும் ஒப்புக்கொண்டது!

எனவே, இந்நூலை இரக்கத்தோடு படிப்பது போதாது. கணக்குக் கேட்கும் நெஞ்சோடு படிக்க வேண்டுகிறோம். நிழற்கூரை, குடிநீர், மருத்துவம் இவை பிச்சையல்ல. நம் சோற்றுக்குச் சுவை தந்தவர்க்கு நாம் தரவேண்டிய பாக்கி!