விடுவித்தது யார்?

ராயபுரத்து இளம் நண்பர் ஒருவர் தமது சிறுகதையைக் கொண்டுவந்து கொடுத்தார். கதாநாயகி காசிமேட்டில் மீன் விற்பவள். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாகக் கூடையைச் சுமந்து விற்று, புருஷன் துணையில்லாமல் இரண்டு குழந்தைகளை வளர்க்கிறாள். ஏலக் கூச்சல், ஐஸ் பெட்டிகள், பேரம் எல்லாம் கண்ணால் பார்த்து எழுதியவை. ஆனால் முடிவில் ஆசிரியர் தாமே முன்னால் வந்து, ‘அவள் ஓர் எமான்ஸிபேட்டட் பெண்’ என்று முத்திரை குத்திவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் கதை சரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கெல்லாம் இந்தப் பட்டத்தைச் சூட்டுவது நம் எழுத்தாளர்கள் பலருக்கும் வழக்கமாகிவிட்டது.

ஆங்கிலத்தில் அது கனமான வார்த்தை. சட்டத்துக்கும் மேடைக்கும் உரியது. ‘ஃப்ரீ’ என்றால் ஒருவர் இருக்கும் நிலை. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். ‘எமான்ஸிபேட்டட்’ என்றாலோ முன்னே ஒரு பிடி இருந்தது, அதிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அர்த்தம். அதன் லத்தீன் மூலத்திலேயே ‘கை’ இருக்கிறது. பழைய ரோமாபுரியில் பிள்ளைகள் தகப்பன் கைக்கு அடங்கியவர்கள். மகனை விடுவிக்க அவனை மூன்று தடவை சம்பிரதாயமாக விற்றாக வேண்டும். மகளுக்கு ஒரு தடவை போதும். (நம் வீடுகளிலும் ஏறக்குறைய அதே கணக்குதானே என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.) அப்படி விடுபட்ட பிள்ளைக்கு, ஆதிச் சட்டப்படி, தகப்பன் சொத்தில் வாரிசுரிமையும் போய்விடும். ‘கைவிட்டான்’ என்று தமிழில் நாம் சொல்லும்போது படும் வேதனை அந்த லத்தீன் வார்த்தைக்குள்ளும் எங்கோ இருக்கிறது.

சென்னைக் கடற்கரையிலிருந்து எழுதுகிறவருக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. 1860இல் இந்தக் கரையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளை நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் கொண்டு சேர்த்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு நேட்டாலில் ‘சுதந்திர இந்தியர்’ என்று பெயர். 1895ஆம் வருஷத்துச் சட்டமோ, அதற்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், மறுபடி கைநாட்டு வைக்காமலும் ஊர் திரும்பாமலும் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்றது. 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. அதுவரை, சுதந்திரர் என்ற பெயருக்கே வாடகை கொடுத்தார்கள்!

நம் மீன்காரிக்கு வருவோம். விடியற்காலை ஏலத்துக்கு அவள் கடன் வாங்குகிறாள். சாயங்காலம் வட்டியோடு திருப்புகிறாள். இதுவும் கதையிலேயே இருக்கிறது. நண்பர் அதை இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டார். புருஷன் கை விலகிய இடத்தில் வட்டிக்காரன் கை வந்திருப்பதை அவரே எழுதிவிட்டு, அவரே கவனிக்கவில்லை.

“அப்படியானால் என்ன வார்த்தை போடலாம், சார்?” என்றார்.

வார்த்தையே வேண்டாம் என்றேன். அந்த இரண்டு வரியை இரண்டு பக்கமாக எழுதுங்கள். அவள் ஏலத்தில் விலை கேட்கும்போது, சுருக்குப் பையில் இருப்பது யார் பணம் என்று வாசகருக்குத் தெரியட்டும்.

கதையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி வரியை அடிக்க அவருக்கு மனம் வருமா என்பதுதான் சந்தேகம்.