இருண்ட மாளிகையும் லயத்து வாசகியும்

பேய் உலாவும் மாளிகை, இருண்ட உள்ளம் கொண்ட அதன் தலைவன், அங்கே தனியளாய் வந்து சேரும் ஏழைப் பெண் ஆகிய மூன்றையும் கொண்டு புனையப்படும் மர்மக் காதல் நாவல்களை நமது முற்போக்கு விமர்சனம் நெடுங்காலமாக ஒரே சொல்லால் ஒதுக்கி வந்துள்ளது. ‘நச்சிலக்கியம்’ என்பதே அச்சொல். 1970களின் முற்பகுதியிலே தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம்மவர் அதனை வரவேற்றனர். அவ்வரவேற்பில் நியாயம் இருந்தது. ஈழத்துப் பதிப்புத்துறை மூச்சுவிட அது இடமளித்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979) முதலியன வீரகேசரிப் பிரசுரங்களாக வெளிவந்த காலம் அது. ஆயினும், தடுக்கப்பட்டவற்றை மக்கள் ஏன் விரும்பினர் என்ற வினாவை நாம் எழுப்பினோமல்லோம். 1977க்குப் பின்னர் சந்தை திறந்ததும் அவை திரும்பி வந்தன. தோட்டத்து லயங்களிலும் அட்டை கிழியும் வரை கைமாறின. நஞ்சென்று கூறுவதோடு நின்றுவிடும் விமர்சனம் நோயை ஆராயாத வைத்தியத்தையே ஒக்கும்.

ஹொறஸ் வோல்போலின் ‘ஒற்றாண்டோக் கோட்டை’ (1764) தொடக்கம் இவ்விலக்கிய வகையின் நடுவே நிற்பது ஒரு கட்டிடம். நிலப்பிரபுத்துவம் தேய்ந்து முதலாளித்துவம் தலையெடுத்த காலத்திலே, இறந்த அதிகாரம் முற்றாக இறந்துவிடவில்லை என்ற அச்சத்தை அக்கட்டிடம் உருவகித்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இது சரியே, ஆனால் போதாது. அம்மாளிகைகள் எங்கிருந்து வந்த செல்வத்தாலே நிலைபெற்றன என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

சார்லட் புரொன்டியின் ‘ஜேன் ஏர்’ (1847) இவ்வினாவுக்குத் தன்னையறியாமலே விடை தருகின்றது. ஆசிரியப் பணிக்காக ஜேன் சென்றடையும் தோர்ன்பீல்ட் மாளிகையின் மேல்மாடியிலே பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் பேயல்லள். யமேக்காவிலே செல்வம் திரட்டிய குடும்பமொன்றின் மகளான பேர்தா. முப்பதாயிரம் பவுண் சீதனத்துக்காகவே றொச்செஸ்ரர் அவளை மணம் முடித்து வைக்கப்பட்டான். அடிமை உழைப்பிலே விளைந்த பணமே மாளிகையின் மர்மம். யமேக்காவிலே கோப்பிச் செய்கையைப் பயின்ற ஆர். பி. டைற்லர் 1837இல் இலங்கைக்கு வந்து அம்முறைகளை இங்கு புகுத்தியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நாவல் வெளிவந்த 1847இலே கண்டி மலைகளில் கோப்பிப் பெருக்கம் சரிவைக் கண்டுகொண்டிருந்தது. தேயிலை அதன்பின் வந்தது. மலைநாட்டுப் பங்களாவும் தோர்ன்பீல்ட்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். எனவே லயத்திலே அமர்ந்து இத்தகைய கதையை வாசிப்பவள் அந்நியமான கற்பனையொன்றிலே மயங்குகின்றாள் எனக் கூறிவிட முடியாது. கதையின் அத்திவாரம் அவளது முன்னோரைப் போன்றோரின் முதுகிலே இடப்பட்டது.

தமிழில் இம்மரபு ஆழமற்றது என்று கருதுவோர் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) என்னும் திரைப்படத்தை மீண்டும் நோக்குதல் நன்று. ஏழைப் பெண்ணைக் காதலித்த ஜமீன்தார் மகனும் அப்பெண்ணும் ஜமீன்தாராலேயே வீழ்த்தப்படுகின்றனர். மறுபிறவி எடுத்து மீண்டும் சந்திக்கின்றனர். காதலர் மறுபடி பிறக்க வேண்டியிருக்கின்றது, ஜமீன்தாரோ சாகவேயில்லை. நூறு வயது கடந்தும் அதே வஞ்சத்தோடு காத்திருக்கின்றான். சென்னை மாகாணத்திலே ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சட்டம் ஒழித்த வர்க்கம் பதினைந்து ஆண்டுகளின் பின்னரும் கொல்லும் வலிமையோடு திரையிலே உலாவுவதைக் கண்டு மக்கள் நடுங்கினர் என்றால், அந்நடுக்கம் மூடநம்பிக்கையன்று. நமது யதார்த்தவாத நாவல்கள் சில அக்காலத்திலே கூறத் தயங்கிய உண்மையை அப்படம் மறுபிறவிக் கதையாகக் கூறிவிட்டது எனலாம். (புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை முற்போக்காளர் சிலர் அவரது சறுக்கல் என்றே எண்ணி வந்தமை வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்குச் செல்பவர், மலைநாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான அமைப்பையே காண்பர்: உயரத்திலே பங்களா, பள்ளத்திலே லயம், இடையிலே மூடுபனி. கோதிக் நாவலாசிரியன் கற்பனை செய்ய வேண்டிய காட்சி இங்கே நிருவாக ஒழுங்காகவே அமைந்துள்ளது. தோட்டங்கள் 1970களிலே தேசியமயமாக்கப்பட்டன; 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உரிமையாளர் மாறிய போதெல்லாம் பங்களா பங்களாவாகவே இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத உரிமையாளனைப் பேய் என்ற உருவிலன்றி வேறெவ்வுருவில் எளிதாக உணர முடியும்? உயிருள்ள உழைப்பின் குருதியை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பென்று மார்க்ஸ் மூலதனத்தை வருணித்ததும் இத்தகைய கதைகளின் மொழியிலேயே. தோட்டத் தொழிலாளரோ அவரைப் படியாமலே, தொழிற்சாலை இயந்திரத்தின் சில்லிலே உறையும் ‘ரோதை முனி’க்குப் படையலிட்டனர். இயந்திரம் காவு கேட்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வகை நாவலின் கவர்ச்சி அச்சத்திலே தங்கியுள்ளது. அவ்வச்சம் பெரும்பாலும் உண்மையானது. பெரிய வீட்டுக்குள் நுழையும் ஏழைப் பெண்ணுக்கு ஆபத்து உண்டு, பூட்டிய அறைக்குள்ளே ஏதோ மறைக்கப்படுகின்றது, வீட்டிலுள்ளோர் பொய் கூறுகின்றனர் என்னும் எச்சரிக்கைகளைக் கதையின் முற்பகுதி தருகின்றது. பொய் பிறப்பது முடிவிலே. வீட்டின் கொடுமை வீட்டுத் தலைவனின் மனக்காயமாகச் சுருக்கப்படுகின்றது, பெண்ணின் அன்பு அதனை ஆற்றிவிடுகின்றது, பணிப்பெண் எசமானியாகின்றாள். புரொன்டி இவ்விடத்திலே நேர்மையாளர். மாளிகை எரிந்து, றொச்செஸ்ரர் பார்வையிழந்து, ஜேனுக்கு மதேராவிலிருந்த சிறிய தந்தையின் சொத்து வந்து சேர்ந்த பின்னரே அவர் திருமணத்தை அனுமதிக்கின்றார். அன்பு மட்டும் போதாதென்பதை அவர் கணக்கிட்டே எழுதினார். அவரது வழியில் வந்த மாத நாவல்களிலே பலவும் வீட்டை எரிப்பதில்லை, விளக்கேற்றி வைக்கின்றன.

இவ்வேறுபாடு டயகமவிலே வெறும் அழகியல் வேறுபாடன்று. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாச் சம்பளம் 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலையிலே, டயகமவிலிருந்து கொழும்பிலுள்ள பெரிய வீடொன்றுக்கு வேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் மருத்துவமனையிலே உயிரிழந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். அவள் எதனை வாசித்தாள், வாசித்தாளா என்பது நமது வினாவன்று. மாளிகை, பணிப்பெண், தீ ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் கதையை இன்பக் கதையாக வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே வினா. அந்த ஜூலைக்குப் பின்னர் ‘ஜேன் ஏர்’ நாவலின் தீக்காட்சியை நாம் மாணவர்க்கு முன்போலக் கற்பிக்க இயலவில்லை.

மலையக நாவல் பெரும்பாலும் கொழுந்து மலையிலும் தொழிற்சாலையிலும் தொழிற்சங்கத்திலும் நிலைகொண்டது; அதன் சாதனை அதுவே. பங்களாச் சமையற்கட்டும், நகரத்து வீட்டின் பின்புற அறையும் அதற்குள் அரிதாகவே இடம்பெற்றன. அவ்விடங்களை மர்ம நாவல் தனதாக்கிக்கொண்டது. டொமினிக்காவிலே பிறந்த ஜீன் றீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ என்னும் நாவலிலே மேல்மாடி அறையின் பூட்டைத் திறந்து, பேர்தாவையே பேச வைத்தார். அதற்காக அவர் கோதிக் மரபைக் கைவிடவில்லை. அதே மாளிகை, அதே தீ, அதே இரவு. கதை கூறுபவள் மட்டும் மாறினாள்.