வில்லையும் நிலமும்: கோலார் தங்கவயல் திரைப்படங்களின் காட்சிமுறை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. திரைப்படத்தில் நிலத்தின் அளவை ஒளிப்பதிவுக் கருவியின் வில்லை (லென்ஸ்) வரையறுக்கிறது. பொழுதை, அவ்வில்லை ஏற்கும் ஒளி வரையறுக்கிறது. எனவே வில்லைத் தேர்வு தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. ஒரு நிலம் எவருக்குரியதாகக் காட்டப்படுகிறது என்னும் பொருள்கோளும் ஆகும். கோலார் தங்கவயலைக் களமாகக் கொண்ட படங்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப்பணி தொடங்கியபின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரளாகக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டோர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு கழிவு மண்மேடுகளே இன்று அந்நிலத்தின் கண்கூடான அடையாளம்.

பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்' படங்கள் (2018, 2022, ஒளிப்பதிவு: புவன் கௌடா) இம்மேடுகளைப் பெருங்காட்சியாக்கின. தொலைவில்லை இடைவெளிகளைச் சுருக்கிக் கூட்டத்தை ஒரே பரப்பாக்கும். அகலக்கோண வில்லை தாழ்கோணத்தில் அமையின், அண்மையில் நிற்பவனை மலையினும் பெரியவனாக்கும். இவ்விரு விளைவுகளும் அப்படங்களின் காட்சிமொழியில் மேலோங்கி நிற்கின்றன. தலைவன் ஓங்குகிறான், தொழிலாளர் புழுதியோடு புழுதியாகக் கலந்து, மீட்பனை எதிர்நோக்கும் திரளாகின்றனர். கதை பெரிதும் நிகழும் 1970, 80களில் உண்மைச் சுரங்கங்கள், 1972இல் அமைந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் நடுவணரசு நிறுவனத்திடம் இருந்தன. தொழிற்சங்கம் கண்ட அத்தொழிலாளரின் வரலாறு, 'நராச்சி' என்னும் புனைவுக் கோட்டைக்குள் மறைந்துபோகிறது. நிலம் உண்டு, அதன் கருப்பொருள் இல்லை எனலாம்.

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024, ஒளிப்பதிவு: அ. கிஷோர் குமார்) இதற்கு மறுதலையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிச் செல்லும் மக்களை, வெட்டவெளிப் பகலொளியில் அது காட்டுகிறது. மண்படிந்த உடலும் மண்ணும் ஒரே சட்டகத்தில் ஒரே நிறம் கொள்கின்றன. பெண்கள் முதன்முறையாக இரவிக்கை அணிந்து மகிழும் காட்சியில் தனித்தனி முகங்கள் துலங்குகின்றன. நிலமும் மக்களும் பிரியாத முதற்பொருள், கருப்பொருள் இயைபு இதுவாகும்.

எனினும் இப்படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது காட்டுவது பெரும்பாலும் நிலத்தின் மேற்பரப்பே. பிற்காலத் தங்கவயலோ ஆழத்தில் இயங்கியது. அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. பகலும் இரவும் ஒன்றே. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த நீர்மின்சாரம் முதற்கண் சுரங்க இயந்திரங்களை இயக்கவே பயன்பட்டது. பொழுதற்ற நிலத்திற்கு உரிய காட்சிமுறை எது என்னும் வினாவைத் தமிழ்த் திரை இன்னும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975) ஒப்புநோக்கத்தக்கது. மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகளைப் பதிவு செய்ய, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கென சைஸ் நிறுவனம் உருவாக்கிய 50 மில்லிமீட்டர், எஃப் 0.7 வில்லையை அவர் தேர்ந்தார். அதனைப் பொருத்துவதற்காக மிச்செல் கருவியையே மாற்றியமைக்கச் செய்தார். அவ்வில்லையில் கூர்மை பெறும் ஆழம் மிகக் குறைவு; எனவே நடிகர் அசைவடங்கி இருக்க வேண்டியதாயிற்று. அவ்வசைவின்மையே அப்படத்தின் மெய்ப்பாடாகவும் அமைந்தது. கருவியின் குறையைப் பொருளாக்கிய திறம் அது.

பிரபுக்களின் மாளிகை இருளுக்கு இத்துணைக் கருவித்தேடல் வாய்த்தது. சுரங்கத் தொழிலாளி ஏந்திய சிறுவிளக்கின் எல்லைக்குள் நின்று, அவ்வொளி தொடும் அளவே உலகம் எனக் கொள்ளும் காட்சிமுறை தங்கவயலுக்கு இனியே வரவேண்டும். நுண்ணொளியையும் ஏற்கும் இன்றைய எண்ணிமக் கருவிகள் அதற்கு இடந்தருகின்றன. எனவே தடை கருவியில் இல்லை. எதனைக் காணவேண்டும் என்னும் நோக்கில் உள்ளது. மேட்டை மலையாக்கிக் காட்டியது ஒரு பார்வை. மேட்டின்மேல் மனிதரைக் கண்டது மற்றொன்று. அம்மண் வெளிப்பட்ட ஆழத்தைக் காண்பதே எஞ்சியுள்ள பணி என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.