பழவேற்காட்டைக் கைமாற்றிய குடும்பம்

எனக்கு இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னர்கள் மேல் தீராத பைத்தியம். சிப்காட் வாசல் டீக்கடையில் எல்லாரும் கிரிக்கெட் பேசினால், நான் இரண்டாம் ஜார்ஜுக்கும் அவர் மகன் ஃபிரெடரிக்குக்கும் நடந்த சண்டையை ஆரம்பிப்பேன். "உனக்கும் அவங்களுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்பார்கள். இருக்கிறதே! கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறுங்கள். கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. அந்த ஊர் யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

முதலில் டச்சுக் கல்லறைக்குப் போங்கள். அடடா, அந்த வாசல்! இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். உள்ளே படுத்திருக்கும் கற்பலகைகளில் குடும்பச் சின்னங்கள், பூவேலை, விரலால் தடவிப் படிக்கிற மாதிரி டச்சு எழுத்துகள். 1613-ல் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டையோ இன்று புதரும் மேடும்தான்.

இப்போது என் நாயகி. இளவரசி ஆன், 1709-ல் பிறந்த இரண்டாம் ஜார்ஜின் மூத்த மகள். இசை சொல்லிக் கொடுத்தவர் ஹாண்டெல், வேறு யார்! 1720-ல் பெரியம்மை வந்து பிழைத்ததே பெரிது. முகத்தில் தழும்பு தங்கிவிட்டது. அந்தப் பயத்தில் தாய் கரோலின், சிறைக்கைதிகள் மேல் சோதித்துப் பார்த்த பிறகு, 1722-ல் இளைய மகள்கள் அமேலியாவுக்கும் கரோலினுக்கும் அம்மைப்பால் குத்த வைத்தார். கைதிகளை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தும், அது தனிக்கதை.

1734-ல் ஆனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டச்சு நாட்டின் ஆரஞ்சு இளவரசர் நான்காம் வில்லியம். அவருக்கு முதுகு கூன். அரண்மனையே கிசுகிசுத்தது. குரங்காகவே இருந்தாலும் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாராம் ஆன். என்ன தைரியம்! கணவர் போன பின், 1751 முதல் 1759-ல் தான் இறக்கும் வரை, சின்ன மகனுக்காக அவரே ஆட்சியைப் பார்த்துக்கொண்டார்.

அந்த மகன்தான் ஐந்தாம் வில்லியம், ஃபிரெடரிக்கின் மகனான நம் மூன்றாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை நெருங்க, மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். மாமா மகன் ஜார்ஜ், லண்டன் பக்கம் கியூ என்ற இடத்தில் தங்க வீடு கொடுத்தார். அங்கிருந்தபடி டச்சுக் குடியேற்றங்களின் அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர் பிடித்துவிடாமலிருக்க, ஆங்கிலேயரை உள்ளே விடுங்கள். சில இடங்கள் பணிந்தன, கொச்சி எதிர்த்து நின்று பார்த்தது. அதே ஆண்டு பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு டச்சுக்காரர்களிடம் திரும்பி வந்து, 1824 ஒப்பந்தத்தால் மறுபடி கைமாறிய விவகாரம் வெறும் காகித வேலை, விடுங்கள்.

எனக்குப் புல்லரிப்பது வேறொரு விஷயத்துக்கு. வில்லியம் அந்தக் கடிதங்களை எழுதிய கியூ வீட்டின் பெயரே 'டச்சு வீடு'. செங்கல் வீடு, 1631-ல் ஒரு வணிகர் கட்டியது. கல்யாணத்துக்கு முன்பு அதில் தங்கைகளோடு வாழ்ந்தவர் யார் தெரியுமா? ஆன்! அம்மா வளைய வந்த வீட்டில் உட்கார்ந்து மகன் ஊர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை எந்தக் கதாசிரியர் எழுதினாலும் நம்ப மாட்டோம்.

பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இறால் வறுவலோடு ஒரு வேலையும் செய்யுங்கள். ஃபிலிப் மெர்சியே 1733-ல் வரைந்த இசைக்குழு ஓவியத்தை போனில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரெடரிக் செல்லோ வாசிக்கிறார், ஆன் ஹார்ப்சிகார்டில், அமேலியா மடியில் மில்டன் புத்தகம். அண்ணனுக்கும் ஆனுக்கும் அப்போது பேச்சுவார்த்தையே சரியில்லை என்கிறார்கள்; படத்தில் தாளம் தப்பாத பாவனை! பின்னால் தெரிகிறதே, வளைந்த முகப்பு வைத்த செங்கல் கட்டடம், அதுதான் டச்சு வீடு.