மலையும் கடலும்: ‘சுழல்’ இரண்டாம் பருவம்

‘சுழல்’ தொடரின் இரண்டாம் பருவம் 2025 பெப்ரவரி 28 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. முதல் பருவம் வந்தது 2022 ஜூன் 17 அன்று. இரண்டுக்கும் இடையில் இரண்டு வருடமும் எட்டு மாதமும். இரண்டிலும் எட்டு எட்டு அத்தியாயங்கள். இரண்டையும் எழுதி உருவாக்கியவர்கள் ‘விக்ரம் வேதா’ எடுத்த புஷ்கர்-காயத்ரி இணையர். ஒஸ்லோவில் என்னைச் சுற்றியிருக்கிற தமிழர்களில் அனேகம் பேர் முதலாவதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது வந்ததிலிருந்து கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: “முதல் வந்தது மாதிரி இருக்குதோ?”

இல்லை என்பதே என் பதில். ஆனால் “விறுவிறுப்புக் குறைஞ்சுபோச்சு” என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. விறுவிறுப்பு இரண்டாவதில்தான் அதிகம். காணாமல் போனது வேறொன்று. அதைச் சொல்வதென்றால் முதல் பருவத்தின் முடிவைத் தொடாமல் முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம். இரண்டாம் பருவத்தின் கொலையாளியை மட்டும் நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

முதல் பருவத்தின் ஊர் சாம்பலூர். கற்பனையான ஒரு மலைநகரம். அங்கே ஒரு சிமெண்ட் தொழிற்சாலை. ஊரின் சோறும் சண்டையும் அதிலிருந்தே வருகின்றன. தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் (பார்த்திபன்), கடவுள் மறுப்பாளர். அவரைவிட்டு விலகிய மனைவி தேவி, பக்தை. தொழிற்சாலை எரிகிறது. அதே வேளையில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். இன்ஸ்பெக்டர் ரெஜினா தாமஸ் (ஸ்ரீயா ரெட்டி), சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை (கதிர்), வீட்டைவிட்டுப் பிரிந்திருந்து திரும்பி வரும் மூத்த மகள் நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) ஆகியோர் தேடுகிறார்கள். முதலாளியா, சங்கத்தின் எதிரியா, பையனோடு ஓடிப்போனாளா என்று சந்தேகம் வெளியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. கதை நாட்களைத் திருவிழாவின் நாட்களால் எண்ணுகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடி, கடைசியில் வந்து நிற்கிற இடம் சண்முகத்தின் சொந்த வீடு. எளிமையான முகம், எல்லோருக்கும் உதவி, எப்போதும் அங்கேயே இருந்த ஓர் உறவுக்காரர். குமரவேல் நடித்தது. நந்தினி ஏன் அந்த வீட்டைவிட்டுப் போனாள் என்பதற்கான காரணமும் அவரே.

ஊருக்கே நியாயம் பேசிய தகப்பனுக்குத் தன் வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை. வார்த்தையால் விளையாடியே பழகிய பார்த்திபனை, வார்த்தையே இல்லாத அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதை நடிகர் தேர்வின் புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எதுவும் வரவில்லை. யாரை யார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனோம் என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது.

இது எனக்கு மட்டும் தோன்றியதாகவும் இருக்கவில்லை. தமிழ் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற ஒரு சனிக்கிழமை, பெற்றோரிடையே இந்தத் தொடர் பற்றிய கதை எழுந்தது. ஒரு தாய் சொன்னார்: “அந்தாளை எனக்கு முதல் எபிசோட்டிலேயே பிடிக்கேல்லை.” ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் கோப்பியைக் குடித்தோம்.

எங்கள் சமூகத்தில் இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பாதுகாப்பு என்றவுடன் எங்கள் வாயில் முதலில் வருவது ‘பார்னவார்ன்’. நோர்வேயின் குழந்தைகள் நலத்துறை. பயம் அவர்களிடம்தான். பிள்ளைக்கு அடிப்பதை 1987இலேயே சட்டத்தில் தடைசெய்த நாடு இது. 1981இல் உலகிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்கென்று ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்த நாடும் இதுவே. அடி, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம், கதவைத் தட்டும் அதிகாரி ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்போம். எல்லா ஆபத்தும் வாசலுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும். கொண்டாட்டங்களுக்கு வந்து பிள்ளைகளின் அறையில் படுத்தெழும்புகிற உறவினரைப் பற்றி ஒரு சொல் வராது. ‘சுழல்’ முதல் பருவம் அந்தச் சொல்லைச் சொன்னது. இங்குள்ள தமிழ்க் கூட்டங்களில் எந்த நாடகமோ, கருத்தரங்கோ அந்த அளவுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு துப்பறியும் தொடர் சொன்னதால்தான் கேட்க முடிந்தது என்றும் தோன்றுகிறது. யார் செய்தது என்ற ஆவலில் இருந்தபடியால் காதை மூட மறந்துவிட்டோம்.

முதல் பருவத்தைத் தலையில் தூக்கிவைக்கவும் தேவையில்லை. திருவிழாக் காட்சிகளை ஒவ்வொரு நெருக்கடிக்கும் இடையில் வெட்டி வெட்டிச் சேர்த்தது சலிப்பூட்டியது. சாம் சி.எஸ்.ஸின் பின்னணி இசை எங்களை நம்பாமல் ஒவ்வொரு உணர்ச்சியையும் இரண்டு தரம் சொன்னது. மலையூர்க்காரர் பலர் சென்னைத் தமிழ் பேசினார்கள். இவையெல்லாம் இருந்தும் அது நின்றது.

இரண்டாம் பருவம் கடலோரத்துக்கு இறங்குகிறது. ஊர் காளிபட்டணம், இதுவும் கற்பனை. உறவுக்காரரைக் கொன்ற வழக்கில் நந்தினி சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதாடும் வழக்கறிஞர் செல்லப்பா (லால்), சக்கரைக்குத் தகப்பன் போன்றவர். அவர் கொலை செய்யப்படுகிறார். அந்த இடத்திலேயே முத்து என்ற பெண் (கௌரி கிஷன்) பிடிபடுகிறாள். பிறகு வேறு வேறு பொலிஸ் நிலையங்களில் இளம்பெண்கள் ஒவ்வொருவராக வந்து “நான்தான் கொன்றேன்” என்கிறார்கள். மொத்தம் எட்டுப் பேர். ஊரில் நடப்பது அஷ்டகாளித் திருவிழா. எட்டுக் காளிகள், எட்டுப் பெண்கள்.

இந்தத் தொடக்கம் அபாரமானது. குற்றக்கதையின் வழக்கமான கணக்கையே அது தலைகீழாக்குகிறது. யாரும் ஒப்புக்கொள்ளாத இடத்தில் உண்மையைத் தேடுவதுதான் நாங்கள் பார்த்துப் பழகியது. இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உண்மை அதற்குள் ஒளிந்துகொள்கிறது. முதல் பருவத்தின் நடுவில் இருந்தவள் பேச முடியாத ஒரு பெண். அவள் இல்லாமல் போனாள் என்பதே கதை. இரண்டாவதில் எட்டுப் பேர் உயிரோடு எதிரே உட்கார்ந்து, பேசுவதா இல்லையா என்பதைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். எழுத்தாளர்கள் முன்னே நகர்ந்திருக்கிறார்கள் என்று இரண்டாம் அத்தியாயம் வரை உற்சாகமாகவே இருந்தேன்.

அதற்குப் பிறகு தொடர் வெளியே ஓடத் தொடங்குகிறது. கொலை செய்த கை யாருடையது என்பது வேறு விடயம். தீமையின் வேர் என்று கதை காட்டுவது பெண்பிள்ளைகளைக் கடத்தி விற்கிற ஒரு வலையை. அது உலகத்தில் இல்லாதது அல்ல, எழுத வேண்டியதுதான். ஆனால் பார்ப்பவருக்கு அதனோடு உள்ள உறவு வேறு. கடத்தல்காரரை வெறுப்பது சுலபம். நாங்கள் யாரும் கடத்தல்காரர் இல்லை. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் விருந்துக்கு வந்ததும் இல்லை. எட்டு அத்தியாயங்களையும் பார்த்து முடித்து, கெட்டவர்கள் விழுந்ததில் சந்தோஷப்பட்டு, நிம்மதியாகப் படுக்கப் போகலாம். முதல் பருவம் கொடுக்க மறுத்த நிம்மதி அது.

ஸ்கண்டிநேவியாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சறுக்கல் பழகியது. டென்மார்க்கின் ‘ஃபோர்பிரூதல்சன்’ தொடரை நினைத்துப் பாருங்கள். 2007இல் வந்த முதல் பருவத்துக்கு இருபது அத்தியாயங்கள், ஒரே ஒரு கொலை: நன்னா பிர்க் லார்சன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுடையது. சாரா லுண்டின் கம்பளிச் சட்டை உலகப் புகழ் பெற்றது. ஆனால் எனக்கு அந்தத் தொடர் என்றால் நன்னாவின் தாயும் தகப்பனும் உட்கார்ந்திருக்கிற சமையலறைதான். விசாரணை நகரசபை அரசியலுக்குள் போய்ச் சுற்றிச் சுழன்று, கடைசியில் அந்தச் சமையலறைக்கு வந்துபோன ஒருவரிடமே திரும்பி வருகிறது. 2009இல் வந்த இரண்டாம் பருவத்தில் பத்து அத்தியாயங்கள், பல கொலைகள், இராணுவம், ஆப்கானிஸ்தான் போர். வேகம், பரப்பு, அரசியல் எல்லாம் அதிகம். சமையலறை இல்லை. நல்ல தொடர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு யாரும் தங்கள் சொந்த மேசையைச் சந்தேகத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பருவம் எழுதுகிறவர்களுக்கு இருக்கிற இக்கட்டு விளங்காமல் இல்லை. வீட்டுக்குள் ஒளிந்திருந்த குற்றவாளியை ஒரு தரம்தான் வெளியே இழுக்கலாம். அடுத்த தரம் பார்வையாளர் முதல் அத்தியாயத்திலேயே சித்தப்பா மாமா எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிடுவார். ஆகவே பெரிதாக்கு, தூரப்போ, கடலுக்குப் போ. இன்னொரு வழியும் உண்டு. 2015இல் நோர்வேயின் டி.வி.2 ஒளிபரப்பிய ‘ஃப்ரீஷென்ட்’ தொடர், லிஃப்யோர்ட் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. காதலியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட ஒருவர், இருபது வருடங்களுக்குப் பிறகு மலேசியாவிலிருந்து ஊர் திரும்புகிறார். ஊருக்கே வேலை கொடுக்கிற நிறுவனம் இறந்த பெண்ணின் குடும்பத்தினுடையது. சாம்பலூரோடு எவ்வளவு நெருங்கின ஊர் பாருங்கள். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பருவம் புதிய ஊரைத் தேடிப் போகவில்லை. அதே ஃபியோர்ட், அதே மனிதர்கள், அதே மரணம். சில இடங்களில் அது அரைத்த மாவை அரைத்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு மரணம் ஓர் ஊரில் முடிந்துபோவதில்லை என்பதைச் சொல்ல அந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது.

‘சுழல்’ குழுவுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. சண்முகத்தின் வீட்டில் அடுத்த வருடம் என்ன நடந்திருக்கும்? தேவி தன் தெய்வத்திடம் என்ன கேட்டிருப்பாள்? “எங்களுக்குத் தெரியாதே” என்று சொன்ன உறவினர்களில் யாருக்கு உண்மையாகவே தெரியாமல் இருந்தது? அதை நான் மிகவும் பார்க்க விரும்பினேன்.

ஊர் மாறியதால் இன்னொன்றும் தொலைந்தது. சாம்பலூர் வேலையால் கட்டப்பட்ட ஊர். யாருக்கு எங்கிருந்து சம்பளம் வருகிறது, யார் யாரோடு ஏன் கதைப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும். காளிபட்டணத்தில் மீன் எங்கே போய் விற்கப்படுகிறது என்பதுகூடத் தெரியாது. திருவிழா தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினம் தசராவை நினைவூட்டுகிறது. அங்கே முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவர், அரசன் என்று வேடம் கட்டுகிறார்கள். அந்த வேடத்தோடு வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். பிச்சை எடுப்பதும் தெய்வமாவதும் ஒரே உடம்பில் நடக்கிற விழா. ஒப்புக்கொள்வதாக வேடமிட்டு வந்த எட்டுப் பெண்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விழா கிடைக்காது. தொடரோ அதில் நிறத்தையும் முகமூடியையும் கூட்ட நெரிசலையும் மட்டும் எடுத்துக்கொண்டது. துரத்துவதற்கு நல்ல இடம். (முதல் பருவத்தின் மயானக் கொள்ளை வருவது மாசி அமாவாசைக்கு. தசரா புரட்டாசியை ஒட்டியது. தசராவை வைத்து எடுத்த பருவத்தை மாசி அமாவாசையோடு வெளியிட்டார்கள்!)

அப்படியானால் இரண்டாம் பருவத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, சிறைக்குள். அந்த எட்டுப் பெண்களும் கொண்டுவரப்படுகிற சிறையில்தான் நந்தினியும் இருக்கிறாள். தன்னைச் சிதைத்தவனைக் கொன்றவள், ஏதோ ஒன்றை மறைக்கிற எட்டுப் பேரோடு ஒரே மதிலுக்குள். அவள் அவர்களை விசாரிப்பதில்லை. அருகில் இருக்கிறாள். ஐஸ்வர்யா ராஜேஷ் இங்கே ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் நடிக்கிறார். இரண்டு பருவங்களிலும் அவருடைய மிக நல்ல பகுதி இதுவே. கௌரி கிஷனின் முறைப்புக்கும் அவருடைய மௌனத்துக்கும் இடையில் முதல் பருவத்தின் உண்மையான தொடர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ‘பார்னஹூஸ்’ ஞாபகம் வருகிறது. 2007இல் நோர்வேயில் முதலாவது திறக்கப்பட்டது. வன்முறையையோ வன்புணர்வையோ அனுபவித்த அல்லது கண்ட பிள்ளையை பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிடாமல் இங்கே கொண்டுவருகிறார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையோடு அறையில் இருந்து கதைக்கிறார். வழக்கோடு தொடர்புடையவர்கள் பக்கத்து அறையில் இருந்து பார்க்கிறார்கள். அறையில் ஒரு சோபா, மெல்லிய வெளிச்சம். ஒரு பிள்ளை பேச வேண்டுமானால் முதலில் அறை மாற வேண்டும் என்பதே அதன் யோசனை. நந்தினி எந்தப் பயிற்சியும் இல்லாமல், மிக மோசமான ஓர் அறையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். தொடர் அதைக் கண்டுகொண்டதா என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு தரமும் சிறைக்குள் ஏதோ ஒன்று திறக்கப்போகிற நேரத்தில், கமெரா சக்கரையின் பின்னால் வெளியே ஓடிவிடுகிறது. கதிர் கடுமையாக உழைத்திருக்கிறார், அடிவாங்குகிறார், துரத்துகிறார். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களில் இரண்டு மூன்று பேரைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் பார்த்து முடித்த மறுநாளே எனக்கு மறந்துபோனது. எட்டுப் பேரை எழுதுவதற்கு எட்டு அத்தியாயங்கள் இருந்தன.

மூன்றாம் பருவம் வருமென்றால் இன்னொரு ஊருக்கும் இன்னொரு தெய்வத்துக்கும் போவார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். திருவிழாக்களுக்கா எங்களிடம் பஞ்சம். என்னைக் கேட்டால் சக்கரைக்கு நீண்ட விடுமுறை கொடுத்துவிட்டு, நந்தினியைச் சாம்பலூருக்கு பஸ் ஏற்றி அனுப்புவேன். தகப்பன் கதவைத் திறக்கட்டும். உள்ளே வந்து அவள் எந்தக் கதிரையில் உட்காருகிறாள் என்று பார்க்க எட்டு அத்தியாயங்களும் காத்திருக்கலாம்.